மதுரையில் இன்டர்ன்ஷிப் தேடுகிறவர்களுக்கு: போனஃபைட் லெட்டரிலிருந்து வைவா வரை

இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது, "மே மாதம் இன்டர்ன்ஷிப் போகணும், இடத்தை நீங்களே பார்த்துக்குங்க" என்று துறையில் சொல்லிவிட்டார்கள், வீட்டில் யாருக்கும் இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த நிலையில் இருக்கிற தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது பி.காம்., ஊர் திருமங்கலம் பக்கம், இன்டர்ன்ஷிப் போனது மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். கூடப் படித்தவர்கள் மில், மருத்துவமனை, ஐடி கம்பெனி என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். எல்லோரும் அலைந்தது காகிதத்துக்காகத்தான். லெட்டர், சீல், கையெழுத்து என்று அலைந்தே பாதி நாள் போய்விட்டால் வேலை கற்க மிச்சமிருப்பது கொஞ்சம்தான். காகித வேலையை உள்ளே கால் வைக்கும் முன்பே முடித்துவிட்டால், அந்த நாட்கள் முழுக்க உங்களுக்குக் கிடைக்கும்.

1. துறையில் என்ன கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

"எத்தனை நாள் போகணும்?" என்று கேட்டால் ஒரு ஆசிரியர் பதினைந்து நாள் என்பார், இன்னொருவர் ஒரு மாதம் என்பார். உங்கள் பேட்ச்சுக்கான சிலபஸ் புத்தகத்தில் அந்தப் பாடத்துக்கான பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிக்கு ஒரு விதி இருக்கும், தன்னாட்சிக் கல்லூரி தனக்கென்று வேறு விதி வைத்திருக்கும், அதனால் பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் நண்பன் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2024-ல் இளநிலை மாணவர்களின் இன்டர்ன்ஷிப்புக்கென்று வெளியிட்ட நெறிமுறையில் 60 முதல் 120 மணி நேரம், 2 முதல் 4 கிரெடிட் என்று இருக்கிறது. 120 மணி நேரம் என்றால், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 20 வேலை நாள். ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகிவிடும். மணி நேரக் கணக்கா, நாள் கணக்கா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். மதிய சாப்பாட்டு நேரத்தைக் கழிப்பார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னும் சில கேள்விகள். ஆன்லைன் இன்டர்ன்ஷிப் செல்லுமா? சொந்தக்காரர் கடையில் செய்தால் ஒத்துக்கொள்வார்களா? மூன்று பேர் சேர்ந்து ஒரே இடத்துக்குப் போகலாமா? ரிப்போர்ட் ஆளுக்கு ஒன்றா, குழுவுக்கு ஒன்றா? சிலபஸில் 'இன்டர்ன்ஷிப்' என்று இருக்கிறதா, 'இன்பிளான்ட் ட்ரெயினிங்' என்று இருக்கிறதா? எது இருக்கிறதோ அதே பெயர்தான் கம்பெனி கொடுக்கும் சர்டிபிகேட்டிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மார்க் போடும்போது திருப்பி அனுப்புவார்கள், அந்த நேரத்தில் கம்பெனிக்காரரிடம் மறுபடி போய் நிற்பது சுலபமில்லை.

2. எப்போது ஆரம்பிப்பது

மே மாதம் போக வேண்டுமென்றால் ஜனவரியிலேயே கேட்க ஆரம்பியுங்கள். மார்ச் மாதம் நிதியாண்டு முடிவு, எந்த ஆபீஸுக்குப் போனாலும் "ஏப்ரல்ல வாங்க" என்பார்கள். ஏப்ரலில் உங்களுக்கு செமஸ்டர் தேர்வு வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கிடைத்த இடத்துக்குப் போக வேண்டியதாகிவிடும்.

அப்புறம் சித்திரைத் திருவிழா. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வரும். திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று அந்த வாரம் முழுக்க தல்லாகுளம், கோரிப்பாளையம், மாசி வீதிகள் எல்லாம் கூட்டமாக இருக்கும், பஸ் சுற்றிப் போகும், அழகர் இறங்கும் நாளன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வேலையில் சேரும் தேதியை அந்த வாரத்தில் வைக்காதீர்கள். அந்த நாட்களை வேலை நாளாகக் கணக்குப் போட்டும் வைக்காதீர்கள்.

காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆடிட்டர் ஆபீஸிலும் சரி, எந்த வியாபார நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் சரி, மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு மாதம் மூன்று தேதிகளை வைத்துத்தான் நகரும்: 11-ஆம் தேதி விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 14-ஆம் தேதி வாங்கிய பில்களின் பட்டியலான 2பி வரும், 20-ஆம் தேதி வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் 3பி. இந்த மூன்றும் உங்கள் நாட்களுக்குள் விழும்படி மாத ஆரம்பத்தில் சேருங்கள். 21-ஆம் தேதி சேர்ந்து அடுத்த மாதம் 10-ஆம் தேதி முடித்துக்கொண்டால் முக்கியமான வேலையைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. ஆனால் இடம் கேட்கப் போவதை மட்டும் 21-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருக்கும்.

3. எங்கே கேட்பது

"மதுரையில் என்ன கம்பெனி இருக்கு, சென்னைக்குத்தான் போகணும்" என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சென்னையில் ஒரு மாத ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் சேர்த்தால் வீட்டில் கடன் வாங்க வேண்டியிருக்கும், அங்கே பெரிய கம்பெனியில் போய் ஒரு மூலையில் உட்கார்வதைவிட இங்கே சின்ன இடத்தில் நாலு வேலையும் பார்ப்பது நல்லது.

தொழிற்சாலை வேண்டுமென்றால் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. ஐடி என்றால் இலந்தைகுளம், வடபழஞ்சி இரண்டு இடத்திலும் தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி வளாகம். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ஆஸ்பத்திரி நிர்வாகம் படிப்பவர்கள் பெரிய மருத்துவமனைகளின் பயிற்சிப் பிரிவில் கேட்கலாம். 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரில்தான் இருக்கிறது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்கிற ஆரோலேப்பும் இங்கேதான். சட்டம் படிப்பவர்களுக்கு 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது, அங்கே வழக்கறிஞர் சேம்பர்களில் கேட்க வேண்டும். வரலாறு, தொல்லியல் பிள்ளைகள் கீழடியைக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது சிவகங்கை மாவட்டம், அரசுத் துறை. அனுமதிக் கடிதம் துறை வழியாக மேலே போய்த் திரும்பி வர வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும் என்று நினைத்தே கேளுங்கள்.

யாரும் யோசிக்காத இடங்களும் உண்டு. கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம் செய்கிறவர்கள், தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகள், இவர்களிடமெல்லாம் கணக்கு எழுத ஆள் உண்டு, ஸ்டாக், பில், கடன் வசூல் எல்லாம் அங்கே கண்முன் நடக்கும். பி.காம்., பி.பி.ஏ. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. ஒரே நிபந்தனை, அவர்களிடம் லெட்டர்பேடும் ஜிஎஸ்டி பதிவும் இருக்க வேண்டும்; இல்லையென்றால் கல்லூரி ஒத்துக்கொள்ளாது. யாரைக் கேட்பது என்றே தெரியவில்லையென்றால் சிறுதொழில் சங்கமான மடீட்சியாவிலும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கத்திலும் போய் உங்கள் படிப்புக்குப் பொருந்தும் உறுப்பினர் நிறுவனங்கள் எவை என்று கேளுங்கள்.

அரசுத் திட்டங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024-ல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் ₹5,000 என்றதும் பலர் ஆசைப்பட்டார்கள். அறிவித்தபோது இருந்த விதிப்படி அது 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு, அதுவும் முழுநேரமாகப் படிக்காதவர்களுக்கு, 12 மாதம். விண்ணப்பிக்கும் நேரத்தில் விதியைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கல்லூரியில் கேட்கும் ஒரு மாத இன்டர்ன்ஷிப்புக்கு அது சரிவராது. 'நேட்ஸ்' என்ற அப்ரென்டிஸ் பயிற்சி டிகிரியோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கானது. தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' கல்லூரி வழியாக வருவது; அதில் முடித்த படிப்பை இன்டர்ன்ஷிப்பாகக் கணக்கில் எடுப்பார்களா என்பதை உங்கள் துறைதான் சொல்ல வேண்டும்.

4. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

இடம் கேட்டுப் போகும் முன்பே கையில் இருக்க வேண்டியவை:

- கல்லூரி போனஃபைட் சான்றிதழ் (நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று)
- துறைத்தலைவர் கையெழுத்தும் கல்லூரி சீலும் உள்ள வேண்டுகோள் கடிதம், நிறுவனத்தின் பெயர் போட்டு
- ஒரு பக்க ரெஸ்யூமே
- ஆதார், பான், கல்லூரி ஐடி கார்டு நகல்கள்
- இதுவரையிலான மார்க் ஷீட் நகல்கள்
- பாஸ்போர்ட் சைஸ் போட்டோ
- உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்

போனஃபைட் கிடைக்க ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். துறைத்தலைவர் லீவில் இருப்பார், அவர் வரும் நாளில் முதல்வர் மீட்டிங்கில் இருப்பார், ஆபீஸில் ஃபீஸ் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சீல் வைப்பார்கள். அதனால் பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். வேண்டுகோள் கடிதத்தை ஒரே நிறுவனத்துக்கு என்று வாங்காமல் மூன்று நான்கு நிறுவனங்களுக்கு ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். தேதி போட்ட கடிதம் ஒரு மாதத்துக்கு மேல் பழசானால் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள்.

இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் மாட்டுகிற இடம் இனிஷியல். மார்க் ஷீட்டில் 'எம். கவிதா' என்று இருக்கும், ஆதாரில் 'கவிதா எம்' என்று இருக்கும், பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சேர்த்து 'கவிதா முருகேசன்' ஆகியிருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. சர்டிபிகேட் மார்க் ஷீட்டில் உள்ளபடி வர வேண்டும், ஸ்டைபண்ட் (பயிற்சிக் காலத்துக்குக் கொடுக்கும் தொகை) இருந்தால் வங்கிக் கணக்கில் உள்ள பெயருக்கு வர வேண்டும். கம்பெனியில் கொடுக்கும் படிவத்தில் எந்தப் பெயரை எங்கே எழுதுகிறோம் என்று பார்த்து எழுதுங்கள், "சர்டிபிகேட்டில் மட்டும் மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரி வேணும் சார்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். திருத்தம் செய்வதாக இருந்தால் இப்போதே செய்யுங்கள், வேலைக்குச் சேரும் வாரத்தில் இ-சேவை மையத்தில் போய் நிற்காதீர்கள்.

பான் கார்டு இல்லையா? 18 வயது முடிந்திருந்து ஆதாரில் உங்கள் மொபைல் எண் இணைந்திருந்தால் வருமான வரித் துறையின் தளத்தில் இ-பான் இலவசமாக எடுக்கலாம். இதற்கு யாருக்கும் இருநூறு முந்நூறு கொடுக்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்குக்கு, புதுமைப்பெண் அல்லது தமிழ்ப்புதல்வன் பணம் வரும் கணக்கு இருந்தால் அதுவே போதும்.

5. நேரில் போய்க் கேளுங்கள்

பெரிய கம்பெனிக்கு மெயில் போடலாம். சிறு நிறுவனங்களில் மெயிலைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது, நேரில்தான் போக வேண்டும். காலை பதினொரு மணி சுமாருக்கு அல்லது மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாத முதலாளிகள் இங்கே நிறைய உண்டு, அவர்கள் நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

வாசலில் நின்று நீளமாகப் பேச வேண்டாம். "வணக்கம் சார், நான் இந்தக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் பி.காம். படிக்கிறேன். மே மாதம் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்யணும். டேலியில் பில் என்ட்ரி போடத் தெரியும், எக்செல் ஓரளவு தெரியும். சம்பளம் எதிர்பார்க்கலை சார், வேலை கத்துக்கணும்" என்று சொல்லி ஃபைலைக் கொடுங்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்பதை நீங்களே சொன்னால்தான் எதிரில் இருப்பவருக்கு உங்களை எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்க முடியும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள், முதல் மணி நேரத்திலேயே வெளியே வந்துவிடும்.

அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போவது தவறில்லை, தெரிந்தவர் மூலம் அறிமுகம் கிடைப்பதும் நல்லதுதான். ஆனால் பேசுவது நீங்களாக இருக்க வேண்டும்.

ரெஸ்யூமே எழுத வீட்டில் வசதியில்லையென்றால், புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். அமைதியான இடம், நாள் முழுக்க உட்காரலாம்.

6. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

இதில் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். இன்டர்ன்ஷிப்புக்கு நீங்கள் பணம் கட்டக் கூடாது. 'பதிவுக் கட்டணம்', 'ட்ரெயினிங் கிட்', 'செக்யூரிட்டி டெபாசிட்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது சர்டிபிகேட் விற்கும் கடைதான். வாட்ஸ்அப் குரூப்பிலும் டெலிகிராமிலும் "ஒரு வாரத்தில் இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட், வர வேண்டியதில்லை" என்று வருகிற விளம்பரங்களைத் தொடவே தொடாதீர்கள். அந்தப் பணம் கூலி வேலைக்குப் போகிற அம்மாவின் பணம். கையில் வருவது ஒரு காகிதம், வேலை இன்டர்வியூவில் "அங்கே என்ன செய்தீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் பதில் இருக்காது.

நிறுவனம் உண்மையானதுதானா என்று பார்ப்பது கஷ்டமில்லை. அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணை வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். 15 எழுத்து எண் இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-ல் தொடங்கும், பெயரும் முகவரியும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பிரைவேட் லிமிடெட் என்று சொன்னால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தேடலாம். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து வைத்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

7. ஆஃபர் லெட்டரில் இருக்க வேண்டியவை

"வாங்க, பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்னதை நம்பி முதல் நாள் போய்விடாதீர்கள். என் தோழி ஒருத்தி அப்படித்தான் ஒரு இடத்தில் சேர்ந்தாள். எல்லா நாட்களையும் முடித்த பிறகு "நாங்க லெட்டர்பேடில் எல்லாம் தரதில்லை" என்று சொல்லிவிட்டார்கள், அடுத்த செமஸ்டர் வரைக்கும் அலைந்தாள்.

லெட்டர்பேடில், உங்கள் பெயர், பதிவு எண், கல்லூரி, ஆரம்பிக்கும் தேதி, முடியும் தேதி, எந்தப் பிரிவு, தினசரி நேரம், மேற்பார்வையாளர் யார், ஸ்டைபண்ட் உண்டா இல்லையா, கீழே கையெழுத்தும் சீலும். இவ்வளவும் வேண்டும். அவர்களுக்கு எழுதித் தர நேரமிருக்காது. நீங்களே அடித்து எடுத்துக்கொண்டு போய், "சார், இந்த மாதிரி கல்லூரியில் கேக்கிறாங்க" என்று பணிவாகக் கொடுத்தால் பெரும்பாலும் லெட்டர்பேடில் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அந்த லெட்டரை துறையில் கொடுத்து கல்லூரியின் அனுமதிக் கடிதத்தை வாங்கிய பிறகுதான் உங்கள் நாட்கள் கணக்கில் சேரும். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள்.

8. செலவு

கணக்குப் போட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, திருமங்கலத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நான் அதில்தான் போய் வந்தேன். ஆனால் நேரம் அதிகம், காலையில் கூட்டமும் அதிகம், ஒன்பதரைக்கு இருக்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கே ஏறிவிட வேண்டும். தம்பிமார்களுக்கு ஒரு எச்சரிக்கை: கல்லூரி பஸ் பாஸ் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழித்தடத்துக்குத்தான், வேலை பார்க்கும் இடத்துக்கு அது செல்லாது, டிக்கெட் காசை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் பெரிய மிச்சம். ரிப்போர்ட் பிரிண்ட், பைண்டிங் செலவு கடைசியில் வந்து நிற்கும், கலர் பக்கங்களைக் குறைத்தால் பாதியாகும். புதுத் துணி வாங்க வேண்டியதில்லை, துவைத்துத் தேய்த்த இரண்டு மூன்று செட் போதும். தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஷூ கட்டாயம், பருத்தித் துணி நல்லது, மெஷின் பக்கம் துப்பட்டாவைத் தொங்கவிடாதீர்கள், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மில், ஒர்க்‌ஷாப் போகிறவர்கள் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா வருஷத்துக்கு ₹20, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள், 2 லட்சம் வரை விபத்துக் காப்பீடு. அது ஜூன் 1 முதல் மே 31 வரைதான், அதனால் மே மாதம் எடுத்தால் ஜூனில் மறுபடி பணம் பிடிக்க கணக்கில் இருப்பு இருக்கட்டும்.

9. உள்ளே போன பிறகு வேலை கற்பது

முதல் இரண்டு மூன்று நாள் யாரும் உங்களைக் கவனிக்கமாட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்கச் சொல்வார்கள், பில்லை மாத வாரியாக அடுக்கச் சொல்வார்கள். அதை மனம் கோணாமல் செய்யுங்கள், பில் அடுக்கும்போதே ஒவ்வொரு பில்லிலும் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். யாருடைய ஜிஎஸ்டி எண் மேலே, யாருடையது கீழே, வரி எப்படிப் பிரிகிறது, சரக்கின் வகையைக் காட்டும் ஹெச்எஸ்என் எண் எங்கே இருக்கிறது. அப்புறம் மூத்தவர் ஒருவரைப் பார்த்து "அக்கா, நீங்க போடுற என்ட்ரியை நானும் பக்கத்துல உட்கார்ந்து பாக்கலாமா?" என்று கேளுங்கள். 'மேடம்' போட வேண்டிய இடமா, 'அக்கா', 'அண்ணே' போட வேண்டிய இடமா என்பது அந்த ஆபீஸில் மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டால் தெரிந்துவிடும்.

எனக்குக் கண் திறந்தது 2பி ஒப்பிடும் வேலையில்தான். ஒரு வியாபாரி சரக்கு வாங்கிய பில்களை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றியிருப்பார், அதே பில்களை விற்றவர் தன் பக்கம் ஜிஎஸ்டியில் காட்டியிருந்தால்தான் அது 2பி-யில் வரும், வந்தால்தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். இரண்டு பட்டியலையும் எக்செல்லில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பில்லாகப் பார்க்க வேண்டும். கல்லூரியில் 'இன்புட் டாக்ஸ் கிரெடிட்' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன், ஆனால் பில்லில் 'கேஎம்/0417/24-25' என்று இருப்பதை ஒருவர் டேலியில் வெறும் '417' என்று போட்டிருந்தால் எக்செல் அதை இல்லை என்று காட்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அங்கே இருந்த அக்கவுண்டன்ட் அண்ணன் திரையில் விரலை வைத்துச் சொன்னார்: "நம்பர் ஒத்துவரலைன்னா உடனே இல்லைன்னு எழுதாதம்மா. தேதியப் பாரு, தொகையப் பாரு, வரியப் பாரு. மூணும் ஒண்ணா இருந்தா அதே பில்லுதான்." அப்படிப் பார்த்துக் கழித்த பிறகும் மிஞ்சும் பில்களுக்கு விற்றவருக்குப் போன் போட்டு "சார், உங்க பில் இன்னும் 2பி-யில் வரலை" என்று கேட்க வேண்டும். அந்தப் போனில் கோபப்படாமல், விடாமல், தேதியும் தொகையும் கையில் வைத்துக்கொண்டு பேசுவது தனித் திறமை. எக்செல் ஃபார்முலாவை வீட்டில் கற்கலாம், இந்தப் பேச்சை வேலை நடக்கும் இடத்தில்தான் கற்க முடியும்.

உங்கள் துறை எதுவானாலும் இப்படி ஒரு வேலை இருக்கும்: ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நீங்களே செய்து ஒப்படைக்கிற ஒரு வேலை. லேபில் ஒரு டெஸ்ட், ஐடியில் ஒரு சின்ன வெப் பக்கம், மில்லில் ஒரு மெஷினின் தினசரிப் பதிவு. இரண்டாவது வாரத்தில் நீங்களாகவே கேட்டு வாங்குங்கள். கேட்காமல் இருந்தால் கடைசி நாள் வரை ஜெராக்ஸ்தான்.

போனை உள்ளே வையுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையை, நோயாளியின் ஃபைலை, வாடிக்கையாளர் பில்லைப் போட்டோ எடுக்கவே கூடாது. ரிப்போர்ட்டுக்கு வேண்டுமென்றால் பெயர், பான், ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் மாற்றி மாதிரியாகத் தயார் செய்து, மேற்பார்வையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

தங்கைகளுக்கு ஒன்று. வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் பொருந்தும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதற்குக் கீழ் என்றால் மாவட்ட அளவில் குழு உண்டு. அவசரமென்றால் பெண்கள் உதவி எண் 181. "ஒரு மாதம்தானே, பொறுத்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். மார்க்கும் சர்டிபிகேட்டும் போனால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம், துறை ஆசிரியரிடமோ வீட்டிலோ அன்றைக்கே சொல்லுங்கள்.

10. லாக்புக், சர்டிபிகேட், ரிப்போர்ட், வைவா

லாக்புக்கை அன்றன்றைக்கு எழுதுங்கள். வந்த நேரம், போன நேரம், என்ன வேலை, என்ன கற்றேன் என்று நாலு வரி. வாரக் கடைசியில் மேற்பார்வையாளர் கையெழுத்து. மொத்தமாகக் கடைசியில் எழுதினால் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் ஒரே வேலை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும், வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வருகிற ஆசிரியர் முதலில் புரட்டுவது அதைத்தான்.

சர்டிபிகேட்டை முடிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே நினைவுபடுத்துங்கள். கையெழுத்துப் போடுகிறவர் வெளியூர் போயிருந்தால் உங்கள் சப்மிஷன் தேதி தள்ளிப் போகும். கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: பெயர், இனிஷியல், பதிவு எண், தேதிகள் ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போகிறதா, மொத்த மணி நேரம் எழுதியிருக்கிறார்களா, சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா.

ரிப்போர்ட்டில் கம்பெனி வரலாற்றைப் பத்துப் பக்கம் ஒட்டாதீர்கள். நீங்கள் செய்த வேலையை எழுதுங்கள், என்ன பிரச்சினை வந்தது, எப்படிச் சரி செய்தார்கள் என்று எழுதுங்கள். கைடு திருத்திக் கொடுக்க ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பிரதி, ஸ்பைரலா ஹார்டு பைண்டிங்கா என்று கேட்டுவிட்டுப் பிரிண்டுக்குப் போங்கள். வைவாவுக்கு வேறு எதுவும் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்த அந்த ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்லத் தெரிந்தால் மற்றக் கேள்விகள் அதிலிருந்தே வரும்.

11. முடித்த பிறகு

ரெஸ்யூமேயில் "ஜிஎஸ்டி தெரியும்" என்று எழுதாதீர்கள். "ஆடிட்டர் ஆபீஸில் 120 மணி நேரப் பயிற்சி, வாங்கிய பில்களை 2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைப் பட்டியலிட்டு, விற்றவர்களிடம் பேசிச் சரிசெய்தேன்" என்று எழுதுங்கள். எந்த வேலையாக இருந்தாலும் செய்ததைச் செய்தபடி எழுதினால் இன்டர்வியூவில் கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும், உங்களுக்குத் தெரிந்த இடம் அது.

ஸ்டைபண்டில் வரிப் பிடித்தம் செய்திருந்தால் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும்.

இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூ வரும்போது நீங்கள் வேலை பார்த்த இடத்துக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள். அதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் "சார், உங்க நம்பரைக் கொடுக்கலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தீபாவளி பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினால் அவருக்கும் உங்கள் முகம் நினைவிருக்கும். சர்டிபிகேட் ஒரிஜினலை எந்த இன்டர்வியூவிலும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள்.